பிரேக்குக்கு அடியில் உருண்ட டின்

ஒரு ஆடிக் கிருத்திகை அன்று என் பஸ்ஸிலேயே உங்கள் அம்மாவுக்கு உயிர் போயிருக்கும். அந்த நேரத்தில் நான் அவளுக்கு எதிரில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன். இதை உங்கள் இருவரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. "அம்மாவுக்கு மயக்கம் வந்துச்சு, ஊசி போட்டாங்க" என்று மட்டும் சொல்லிவைத்தோம். பெரியவள் அப்போது மூன்றாம் வகுப்பு, சின்னவன் பால்வாடி. இப்போது பெரியவள் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். அதனால் எழுதிவைக்கிறேன். நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததில் பிழை கிடையாது.

நான் ஓட்டியது கம்பெனி பஸ். கம்பெனியின் சொந்த வண்டி இல்லை, ஒரு டிராவல்ஸ்காரருடையது. காலை ஷிப்டுக்கு சுங்குவார்சத்திரத்தில் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லக்கோட்டை என்று ஆள் ஏற்றிக்கொண்டு ஒரகடம் பக்கம் கொண்டுபோய் விடவேண்டும். ஷிப்ட் முடிந்ததும் அதே ஆட்களை அதே வழியில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். முன்னால் பெண்கள், பின்னால் ஆண்கள். அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் அப்படித்தான் உட்காருவார்கள். கடைசி வரிசை முழுக்கத் தென்மாவட்டத்துப் பிள்ளைகள். ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர் என்று தங்கியிருந்தார்கள். உங்கள் அம்மாவும் என் பஸ்ஸில்தான் வேலைக்கு வந்தாள். சார்ஜர் செய்கிற லைனில் கான்ட்ராக்ட் வேலை, எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே. எனக்குப் பின்னால் இரண்டாவது சீட், ஜன்னல் ஓரம்.

ஆட்களை இறக்கிவிட்டதும் வண்டியைப் பெருக்குவேன். வழக்கமாகக் கிடப்பது வேர்க்கடலைப் பொட்டலம், பூ, கிழிந்த மாஸ்க். அந்த வருஷம் கோடையிலிருந்து டின்கள் கிடக்க ஆரம்பித்தன. ஒல்லியாக, உயரமாக, பளபளவென்று. தூரத்திலிருந்து பார்த்தால் பீர் டின் மாதிரி இருக்கும். மோந்து பார்த்தால் இருமல் மருந்தில் புளிப்பு மிட்டாயைக் கரைத்த மாதிரி ஒரு வாடை. இதற்குப் பெயர் எனர்ஜி டிரிங்க்கு என்று டீக்கடைக்காரர் சொன்னார். எல்லா டின்னும் கடைசி சீட்டுக்கு அடியில்தான் கிடந்தது. பெண்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை.

ஒருநாள் காலை பிள்ளைப்பாக்கம் தாண்டி வந்துகொண்டிருக்கிறேன். முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஏதோ கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது. மறுபடி மிதித்தேன், அதே கல். வேனின் பின்கண்ணாடியில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தது, அது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினேன். வேனுக்கும் என் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. கீழே குனிந்து பார்த்தால் பெடலுக்கு அடியில் ஒரு டின், பாதி நசுங்கிக் கிடக்கிறது.

அப்படியே டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன்.

"எவன்டா இது? ஐம்பது பேர் உசுரு கீது வண்டியில. எவன் குடிச்சுட்டுப் போட்டான்?"

ஓரத்தில் ஒரு நெல்லைக்காரர், இருபத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஆள், எப்போதும் ஏதாவது கிண்டல் பேசுகிறவர். அவர்தான் எழுந்தார்.

"அண்ணாச்சி, அந்த டின்னு ஒண்ணு வாங்குத காசுக்கு ரூமுல நாங்க அம்புட்டுப் பேரும் முட்டக் கொழம்பு வச்சிருவோம். எங்களுக்கு எதுக்கு இந்தக் கழுத?"

"பொய் சொல்லாத. உன் வாயிலயே வாட அடிக்குது."

"அது பல்பொடி அண்ணாச்சி. வேணும்னா நாளைக்கு உங்களுக்கும் ஒரு பாக்கெட்டு கொண்டாரேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. முன்சீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். உங்கள் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை. செத்துப் பிழைத்து வந்திருக்கிறேன், இவர்களுக்குச் சிரிப்பு. நேராக டிராவல்ஸ் ஆபீஸில் போய், இன்ன ஆள்தான் டின் போடுகிறான், எதிர்த்தும் பேசுகிறான் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதத்துக்கு அவரைப் பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் விடியற்காலையில் சுங்குவார்சத்திரத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பதை நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டு போவேன். அவரும் என்னைப் பார்ப்பார். ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுவார்.

என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. ஆண்பிள்ளை, கல்யாணம் ஆகாதவன், வயது குறைவு, வெளியூர்க்காரன். இந்த நாலும் ஒரு ஆளிடம் இருந்தால் அவன் கையில் டின் இருக்கும். டீக்கடையில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். அவர் போன பிறகும் டின் விழுவது நிற்கவில்லை. மிச்சம் இருக்கிற பயல்கள் குடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் ஒருநாள் உங்கள் அம்மாவிடம் சொன்னேன்: "பொம்பளைங்க பக்கம் ஒண்ணாவது கெடக்குதா பாத்தியா?"

அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் "ஆமா" என்றாள்.

இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு ஒரு விஷயம் தோன்றியிருக்க வேண்டும். வண்டி கிளம்பும்போது தரையில் கிடக்கிறது எல்லாம் பின்னால் உருளும். யார் எங்கே போட்டாலும் கடைசி சீட்டில் போய்த்தான் நிற்கும். பிரேக்குக்கு அடியில் வந்த டின் அவ்வளவு தூரம் பின்னாலிருந்து வந்திருக்காது. எனக்குப் பக்கத்தில் போட்டதுதான் வந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. வல்லக்கோட்டை முருகனுக்கு உங்கள் அம்மா விரதம் இருந்தாள். கான்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆகவேண்டும் என்பது வேண்டுதல். முதல் நாள் ராத்திரியிலிருந்தே சாப்பாடு இல்லை. லைனில் அவளோடு நிற்கிற இன்னும் மூன்று பேரும் விரதம். ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் அப்படியே கோயிலில் இறங்கிக்கொள்வதாகப் பேச்சு. பகல் இரண்டரை மணி, வெயில் மண்டையைப் பிளக்கிறது. வல்லக்கோட்டையை நெருங்கும்போதே ரோடு அடைத்துவிட்டது. காவடிக்காரர்கள் வெறும் காலோடு தாரில் நடக்கிறார்கள், பம்பை அடிக்கிறது, வண்டி ஒரு அடி நகருவதும் நிற்பதுமாக இருக்கிறது.

பின்னாலிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள்.

"டிரைவர்ணா! அண்ணிக்கு சாமி வந்துட்ச்சி!"

கண்ணாடியில் பார்த்தேன். உங்கள் அம்மாவின் கை இரண்டும் உதறுகிறது. தாடை நடுங்குகிறது. மூச்சு புஸ்ஸு புஸ்ஸென்று வாங்குகிறது. கண் மேலே போய் நிற்கிறது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஓடினேன். அதற்குள் பெண்கள் எழுந்து நின்று "அரோகரா! அரோகரா!" என்கிறார்கள். ஒருத்தி நெற்றி கொள்ளாமல் விபூதி பூசுகிறாள். ஜன்னலுக்கு வெளியே காவடிக்காரர்கள் பார்த்துவிட்டு அவர்களும் அரோகரா போடுகிறார்கள். பம்பைக்காரர் ஒருவர் பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி நின்று வேகமாக அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் பெண்டாட்டிதான், ஆனால் கும்பிட்டேன்.

"முருகா, இன்னா கொற வெச்சோம், சொல்லு. பர்மனென்ட் குடுப்பியா? சொல்லிட்டுப் போ."

அவள் என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சாமிக்கு என்மேல் கோபம், பேச மாட்டேன் என்கிறது என்று நினைத்தேன். பிள்ளைகளே, அவள் தன்னைக் காப்பாற்றச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் இன்னும் குனிந்து கும்பிட்டேன். அவள் கை தன் மார்பைப் பிடித்துக்கொண்டது. அப்படியே சீட்டிலிருந்து சரிந்து சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் விழுந்தாள்.

அப்போது மூன்றாவது சீட்டிலிருந்து ஒரு அம்மா எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். பிள்ளைப்பாக்கத்துப் பக்கம்தான் வீடு, கிறிஸ்தவக் குடும்பம், அதே லைனில் வேலை. அவளுக்கு விரதம் இல்லை.

"சாமி இல்லண்ணா! டின்னுண்ணா, டின்னு!"

"ஏய், வாய மூடுடீ. கிருத்திகை நாளும் அதுவுமா..." என்றாள் விபூதி பூசினவள்.

"மூட மாட்டேன். உனக்கும் தெரியும்ல, சொல்லேன். காத்தால ஒண்ணு, டீ பிரேக்ல ஒண்ணு, இப்ப வண்டி ஏறுறப்ப ஒண்ணு. சோறு துன்னல, ஒரு வாய் தண்ணி குடிக்கல. ரெண்டு மணியிலேருந்து நெஞ்சு படபடங்குதுன்னு சொல்லிகினு இருந்தாண்ணா. சாமியாம் சாமி! ஆஸ்பத்திரிக்கு வுடுண்ணா!"

உங்கள் அம்மாவின் பையிலிருந்து எவர்சில்வர் தண்ணி பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். நான் வாங்கிக் கொடுத்த பாட்டில். இருமல் மருந்தும் புளிப்பு மிட்டாயும்.

நிமிர்ந்து பார்த்தேன். அரோகரா நின்றுபோயிருந்தது. முன்சீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தராகத் தங்கள் பாட்டிலை முந்தானைக்குள்ளும் பைக்குள்ளும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மற்ற மூன்று விரதக்காரிகளும் தரையைப் பார்த்தார்கள். தெரிந்துகொண்டேதான் அரோகரா போட்டிருக்கிறார்கள். டின் என்று வெளியே தெரிவதைவிட சாமி என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

கடைசி வரிசைப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் குதித்து இறங்கி முன்னால் ஓடினார்கள். "வழி விடுங்க சாமி, உசுருக்கு முடியல, வழி விடுங்க" என்று காவடிகளை ஒதுக்கிக்கொண்டே போனார்கள். நான் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு மாதம் நடந்து போ என்று நான் தள்ளிவிட்ட ஆளின் ரூம்காரர்கள் அவர்கள். ரோடு விட்டதும் படியில் தொற்றிக்கொண்டார்கள். ஆள் நிறைந்த பஸ்ஸோடு முதலில் கண்ணில் பட்ட ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்தார், கையில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்.

"என்ன குடிச்சாங்க?"

"ஜூஸ் மாதிரிம்மா, மூணு டின்னு. விரதம்..."

"ஜூஸ் இல்லைங்க இது. வெறும் வயிறு, உடம்புல ரத்தம் கம்மி, இந்த வெயில்ல தண்ணி இல்லாம நின்னிருக்காங்க, இதுல மூணு டின். இதயம் எப்படி ஓடுது பாருங்க. நீங்க பூஜை பண்ணிக்கிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா..." என்று அவள் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார்.

"பசங்கதாம்மா இதைக் குடிப்பாங்கன்னு..."

"பசங்க குடிச்சா ரோட்டுல நின்னு குடிப்பாங்க, உங்களுக்குத் தெரியும். இவங்க குடிச்சா யாருக்குத் தெரியும்?"

சாயங்காலம் அவளுக்குப் பேச்சு வந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நீங்க கொண்டாந்தீங்களே, அன்னிலேருந்து."

எனக்கு ஞாபகம் வந்தது. அந்த வருஷம் கோடை ஆரம்பத்தில் கம்பெனி வாசலில் ஒரு வேன் நின்று சும்மாவே டின் கொடுத்தது. தொப்பி போட்ட ஆட்கள், ஆண்களாகப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். எனக்கு ஒன்று கிடைத்தது. அன்று உங்கள் அம்மா ஷிப்டுக்கு மேல் ஓவர்டைம் பார்த்துவிட்டுச் சுருண்டு கிடந்தாள். நான்தான் எழுப்பி உட்காரவைத்து, "சத்து தண்ணி, குடி, தெம்பா இருக்கும்" என்று கொடுத்தேன். அன்று அவள் எழுந்து துணியெல்லாம் துவைத்துப் போட்டாள். நான் சந்தோஷப்பட்டேன்.

"நீங்கல்லாம் பாட்டில்ல ஏன் ஊத்துனீங்க?"

"பொம்பள கையில டின்ன புடிச்சா பீருன்னு சொல்வாங்க. அஞ்சு பேர் சேந்து ரெண்டு வாங்குவோம். பாட்டில்ல ஊத்தி தண்ணி கலந்து பிரிச்சிப்போம். காலி டின்ன வூட்டுக்கு எடுத்தாற முடியுமா? சீட்டுக்கு அடியில போட்டுடுவோம்."

"விரதத்துல எப்படி..."

"விரதத்துல ஜூஸ் குடிக்கலாம்ல? ஜூஸ் கடையிலதான விக்கிறான். சோறுதான் கூடாது. ஆளுக்கு முழுசா வெச்சிக்கலாம், சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு பேசிகினோம்."

பால், பழச்சாறு, இளநீர் என்று விரதத்துக்கு ஆகிற பட்டியலில் இதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கவிச்சி இல்லை, உப்பு இல்லை, அடுப்பில் ஏற்றவில்லை. சாமிக்குத் தப்பில்லை என்று நம்பிக் குடித்திருக்கிறார்கள்.

"அந்தத் திருநெல்வேலி ஆளு சீட்டு போச்சே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அதற்குத்தான் அழுதாள். "எப்படிங்க சொல்றது? நீங்க வண்டியில நின்னு கத்துறீங்க. அந்தாளு பல்பொடின்னாரு, நான் சிரிச்சேன். அப்புறம் தெனம் ஆட்டோவுக்கு நிக்கிறத ஜன்னல் வழியா நானும் பாத்துகினுதான் வந்தேன்."

"சரி, உனக்கு அது எதுக்கு? அவ்ளோ தூக்கமா?"

"நாலு மணிக்கு நான் எழுந்து ஆக்கி, புள்ளைங்கள கெளப்பி பக்கத்து வூட்ல வுட்டு, உங்களுக்கும் கட்டிக் குடுத்து வண்டி ஏறுறேன். ஆளுங்கள எறக்கி வுட்டுட்டு நீங்க வண்டியிலயே ரெண்டு மணி வரைக்கும் படுத்துத் தூங்குறீங்க. நான் எங்கங்க தூங்குறது, லைன்லயா?"

எனக்கு அன்று அதிர்ச்சி பல இருந்தது. ஆனால் பிரேக் இறங்காததைவிட, டாக்டரம்மா சொன்னதைவிட, இது பெரிதாக இருந்தது. தினமும் பார்த்த விஷயம். தூங்கியது நான்தான். ஒருநாளும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்காமலே காதில் விழ ஆரம்பித்தது. ஹாஸ்டலில் சமைக்கிற அம்மா, கார் ஏற்றிப்போகிற டிரெய்லர் டிரைவர், பேரன் எடுத்த வாட்ச்மேன், ஊசி போட வந்த நர்ஸ் பெண்கூட. எல்லோரும் டீ கிளாஸிலோ தண்ணி பாட்டிலிலோ ஊற்றிக்கொண்டுதான் குடித்தார்கள். தூக்கம் கிடைக்காதவர்கள் எல்லோரும் குடித்தார்கள். ஆண் பெண் இல்லை, வயது இல்லை. நான் நினைத்த நாலு குணமும் சேர்ந்த கடைசி வரிசைப் பிள்ளைகள்தான் குறைவாகக் குடித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றை வாங்கி ஆறு பேர் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே டிராவல்ஸ் ஆபீஸில் போய், நான் சொன்னது தப்பு, டின் போட்டது என் வீட்டுக்காரி என்று சொன்னேன். ஒரு சிரிப்புச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். பிறகு சுங்குவார்சத்திரத்தில் அந்த ரூமுக்குப் போனேன். நெல்லைக்காரர் லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார்.

"தம்பி, தப்பு என்மேல..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க அண்ணாச்சி. மைனி எப்படி இருக்காவ?"

"பொழச்சுகினா."

"உக்காருங்க. ஏல, அண்ணாச்சிக்கு டீ போடு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பையச் சோதிக்கணும்னாலும் சோதிச்சுக்கிடுங்க. பல்பொடிதான் கெடக்கு" என்றார். அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. திங்கட்கிழமை அவர் கடைசி வரிசையில் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார்.

உங்கள் அம்மாவுக்கு பர்மனென்ட் கிடைக்கவில்லை. ஆனால் ஆள் கிடைத்தாள். "அப்பா ஏன் தினமும் உப்புமா வைக்கிறார், ஏன் தினமும் அடி பிடிக்கிறது" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அது அந்த ஆடியில் ஆரம்பித்தது. காலை நாலு மணி அடுப்பு எனக்கு, அவளுக்கு இன்னும் முக்கால் மணி நேரத் தூக்கம். அவளுக்கு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பதும் நான்தான். பிடிப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். வருஷக் கணக்காகிவிட்டது, இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன வாரம்கூடப் பார்த்துவிட்டாள்.

"இன்னா, இன்னுமா? சந்தேகமா?"

"இல்லமே, பாட்டில் நாத்தம் அடிக்குதான்னு பாத்தேன்."

"அடிக்குதா?"

"இல்ல."

"அப்ப தண்ணியப் புடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.